மூளைக்கு ஒரு புத்தாண்டுத் தீர்மானம்: பிபி பட்டை சொல்லும் நூறு வருடக் கதை

1/
புத்தாண்டு பிறந்தாலே கிளினிக்கில் வழக்கமாக வரும் கேள்வி இது. "டாக்டர், வயசான காலத்துல ஞாபக மறதி வராம இருக்க இந்த வருஷத்துல இருந்து என்ன செய்யலாம்? சுடோகு போடவா? வல்லாரை சாப்பிடவா? மூளைப் பயிற்சிக்கு ஏதாவது ஆப் இருக்கா?"
நான் பதில் சொல்றதுக்கு முன்னாடி கையை நீட்டச் சொல்லி பிபி பட்டையைச் சுத்துவேன். "மூளையைப் பத்திக் கேட்டா கையில காத்து அடிக்கிறீங்களே"ன்னு சிரிப்பாங்க.

2/
அந்தச் சிரிப்புக்கான பதில்தான் இந்த த்ரெட். கொஞ்சம் நீளம். ஒரு ஜனாதிபதி, ஒரு சின்ன ஊர், ஒரு மூலிகை வேர், சில நூறு சீன கிராமங்கள் எல்லாம் இதில் வரும். பொறுமையா படிங்க. கடைசியில் இந்த வருஷம் செய்ய வேண்டியதை நாலு வரியில் சொல்லிடறேன்.

3/
1905. ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க். நிகோலாய் கொரோட்கோவ் என்ற இளம் அறுவை மருத்துவர் ஒரு மிகச் சிறிய அறிக்கையை வாசிக்கிறார். கையில் பட்டையைச் சுற்றி, காற்றடித்து, முழங்கை மடிப்பில் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டால், ரத்த அழுத்தத்தின் மேல் எண், கீழ் எண் இரண்டையும் கண்டுபிடிக்கலாம் என்கிறார். இன்றைக்கு உலகம் முழுக்க டாக்டர்கள் காதில் கேட்டுப் பார்க்கும் பிபி அவருடைய முறைதான்.

4/
அடுத்த வருஷம், 1906 நவம்பர். ஜெர்மனியின் டூபிங்கன் நகரில் ஒரு மனநல மருத்துவர் கூட்டம். அலோய்ஸ் அல்சைமர் ஒரு நோயாளியைப் பற்றிப் பேசுகிறார். 51 வயதில் நினைவு குழம்பி மருத்துவமனைக்கு வந்து, 55 வயதில் இறந்துபோன பெண். அவருடைய மூளையை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தபோது தெரிந்த படிவுகளையும் முடிச்சுகளையும் விளக்குகிறார். கூட்டத்தில் யாரும் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. அடுத்த பேச்சாளரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

5/
பாருங்க, ஒரு வருஷ இடைவெளியில் இரண்டு விஷயம் கிடைச்சாச்சு. ரத்த அழுத்தத்தை அளக்கும் வழி. மறதி நோயின் முகம். ஆனா இந்த இரண்டுக்கும் நடுவில் உறவு இருக்குன்னு மருத்துவ உலகம் உறுதியாகச் சொல்ல ஏறக்குறைய 90 வருஷம் ஆச்சு. ஏன் அவ்வளவு தாமதம்? அதுதான் கதை.

6/
முதல் காரணம், பிபி கூடினால் கெடுதல் என்றே டாக்டர்கள் நம்பவில்லை. "வயசானா ரத்தக்குழாய் விறைச்சுப் போகும். அதுக்குள்ள ரத்தத்தைத் தள்ள அழுத்தம் கூடித்தானே ஆகணும்?" என்பதுதான் அன்றைய கணக்கு. நூறோடு வயசைக் கூட்டினால் வருவதுதான் சரியான பிபி என்று ஒரு வாய்ப்பாடே இருந்தது. 60 வயதா? 160 இருக்கலாம். இதை இன்றைக்கும் என் நோயாளிகள் என்னிடம் சொல்கிறார்கள்!

7/
1931ல் அமெரிக்காவின் புகழ்பெற்ற இதய மருத்துவர் பால் டட்லி வைட் தன் பாடநூலில், உயர் ரத்த அழுத்தம் உடம்பு தானாகச் செய்துகொள்ளும் ஒரு ஈடுகட்டலாக இருக்கலாம், அதில் கை வைக்காமல் இருப்பதே நல்லது என்கிற கருத்தை எழுதினார். அதே வருஷம் இங்கிலாந்தில் பேராசிரியர் ஜான் ஹே இன்னும் ஒரு படி மேலே போனார். பிபி இருப்பதைக் கண்டுபிடிப்பதுதான் நோயாளிக்குப் பெரிய ஆபத்து, ஏன்னா உடனே எவனாவது ஒரு முட்டாள் அதைக் குறைக்கக் கிளம்பிடுவான் என்ற அர்த்தத்தில் சொன்னார். இவர்கள் அரைகுறைகள் இல்லை. அந்தக் காலத்தின் மிகச் சிறந்த மருத்துவர்கள்.

8/
இந்த நம்பிக்கைக்கு விலை கொடுத்தவர்களில் ஒருவர் அமெரிக்க ஜனாதிபதி ஃப்ராங்க்ளின் ரூஸ்வெல்ட். அவருடைய பிபி கணக்கைப் பாருங்க.
1935: 136/78
1937: 162/98
1941: 188/105
அவருடைய தனி மருத்துவர் ராஸ் மெக்கின்டயர் ஒரு காது மூக்கு தொண்டை நிபுணர். ஜனாதிபதிக்கு சைனஸ் தொந்தரவு இருந்ததால் அவரைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். எண்கள் ஏறிக்கொண்டே போயின. வயசுக்கு நல்லாத்தான் இருக்கார் என்றே வெளியே சொல்லப்பட்டது.

9/
1944 மார்ச்சில் ஹோவர்ட் ப்ரூயன் என்ற கடற்படை இதய மருத்துவர் அவரை முதல் முறையாகப் பரிசோதித்தார். பிபி 186/108. இதயம் பெருத்து, செயலிழக்க ஆரம்பித்திருந்தது. கையில் இருந்த வைத்தியம் என்ன? டிஜிட்டாலிஸ் மாத்திரை, உப்புக் குறைப்பு, சிகரெட் குறைப்பு, ஓய்வு. பிபியைக் குறைக்க நம்பகமான ஒரு மாத்திரைகூட உலகத்தில் அன்று இல்லை. அந்த வருஷ நவம்பரில் நாலாவது முறையாக ஜனாதிபதி தேர்தலில் ஜெயித்தார். அதே மாதக் கடைசியில் அவருடைய பிபி 260/150.

10/
1945 பிப்ரவரியில் யால்டா மாநாடு. சர்ச்சில், ரூஸ்வெல்ட், ஸ்டாலின் மூன்று பேரும் வரிசையாக உட்கார்ந்திருக்கும் புகைப்படத்தைப் பார்த்திருப்பீங்க. உலகப் படத்தைப் பிரித்துப் போட்ட மூன்று பேர். மூன்று பேரையும் கடைசியில் சாய்த்தது மூளை ரத்தக்குழாய். ஸ்டாலின் 1953ல் மூளை ரத்தக்கசிவில் இறந்தார். சர்ச்சிலுக்குப் பலமுறை பக்கவாதம் வந்து, 1965ல் கடைசியாக வந்த ஒன்றில் போனார். ரூஸ்வெல்ட் யால்டாவிலிருந்து திரும்பி இரண்டு மாதம் பிழைத்திருந்தார்.

11/
1945 ஏப்ரல் 12. ஜார்ஜியா மாநிலம், வார்ம் ஸ்பிரிங்ஸ். ஓவியர் ஒருவர் அவரை வரைந்துகொண்டிருக்கும்போதே தலையின் பின்பக்கம் பயங்கரமாக வலிக்கிறது என்றார். நினைவிழந்து சாய்ந்தார். ப்ரூயன் ஓடி வந்து பார்த்தபோது பிபி 300/190. அன்று பிற்பகலே இறந்தார். வயது 63. பத்து வருஷமாக ஏறிக்கொண்டிருந்த ஒரு எண்ணை அளந்தார்கள், எழுதி வைத்தார்கள், அதோடு சரி.

12/
அடுத்து வந்த ஜனாதிபதி ட்ரூமன் 1948ல் தேசிய இதயச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். அந்த வருஷமே பாஸ்டன் பக்கத்தில் ஃப்ராமிங்காம் என்ற சின்ன ஊரில் ஒரு ஆய்வு தொடங்கியது. 30 முதல் 62 வயது வரை 5,209 பேர். யாருக்கும் வைத்தியம் கிடையாது. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை கூப்பிட்டு அளப்பது, எழுதி வைப்பது, யாருக்கு என்ன ஆகிறது என்று காத்திருப்பது. அவ்வளவுதான். இந்த தேசிய இதய முயற்சிக்கு உழைத்தவர்களில் ஒருவர் யார் தெரியுமா? பிபியில் கை வைக்க வேண்டாம் என்று 1931ல் எழுதிய அதே பால் டட்லி வைட். கருத்தை மாற்றிக்கொள்வதும் விஞ்ஞானம்தான்.

13/
ஃப்ராமிங்காம் மக்கள் சொல்லிக் கொடுத்த பாடம்: வயசானவருக்கும் பிபி கூடினால் கெடுதல்தான். மாரடைப்பும் பக்கவாதமும் பிபியோடு சேர்ந்தே ஏறுகின்றன. நூறோடு வயசைக் கூட்டும் வாய்ப்பாடு செத்தது. (நம்ம ஊரில் மட்டும் இன்னும் உயிரோடு இருக்கு.)

14/
சரி, அளந்தாச்சு. குறைப்பது எப்படி? இங்கேதான் நம்ம நாடு வருது. 1949ல் பம்பாய் இதய மருத்துவர் ருஸ்தம் ஜல் வகீல், சர்ப்பகந்தா என்ற செடியின் வேர் பிபியைக் குறைக்கிறது என்று தன் நோயாளிகளிடம் கண்டதை ஒரு பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினார். 1952ல் சுவிட்சர்லாந்தில் அந்த வேரிலிருந்து ரிசர்பைன் என்ற மருந்தைப் பிரித்தெடுத்தார்கள். 1950களின் கடைசியில் உப்பையும் நீரையும் சிறுநீர் வழியாக வெளியேற்றும் தயாசைடு மாத்திரைகள் வந்தன.
(உடனே நாட்டு மருந்துக் கடைக்குப் போய் வேர் வாங்காதீங்க. மனச்சோர்வு உட்பட அதன் பக்கவிளைவுகளால்தான் டாக்டர்களே அதை ஓரம் கட்டினார்கள்.)

15/
1967ல் எட்வர்ட் ஃப்ரீஸ் தலைமையில் அமெரிக்க முன்னாள் ராணுவத்தினரிடம் செய்த ஆய்வு வெளியானது. பிபி மிக அதிகமாக இருந்த 143 ஆண்கள். ஒரு பாதிக்கு ரிசர்பைன், தயாசைடு உள்ளிட்ட மாத்திரைகள். இன்னொரு பாதிக்கு வெறும் போலி மாத்திரை. போலி மாத்திரைக் குழுவில் பக்கவாதம், இதயச் செயலிழப்பு போன்ற பெரிய விபரீதங்கள் 27. நிஜ மாத்திரைக் குழுவில் 2. பிபியைக் குறைப்பது முட்டாள்தனம் என்ற பேச்சு அன்றோடு முடிந்தது.

16/
ஆனா மறதி? அது இன்னும் "வயசாச்சு, அப்படித்தான்" என்ற பெட்டியிலேயே இருந்தது. தாமதத்துக்கு இரண்டாவது காரணம் இதுதான். மறதி நோயாளியை டாக்டரிடம் கூட்டி வரும்போது பிபி பார்த்தால் பல சமயம் நார்மலாக இருக்கும், இல்லை குறைவாகக்கூட இருக்கும். "பிபி இல்லையே"ன்னு விட்டுடுவாங்க.

17/
1996ல் ஸ்வீடனின் கோத்தன்பர்க் நகரிலிருந்து வந்த ஆய்வு இந்த முடிச்சை அவிழ்த்தது. 70 வயதுக்காரர்களை 15 வருஷம் பின்தொடர்ந்தார்கள். 80 வயதை ஒட்டி மறதி நோய் வந்தவர்களின் பழைய ஏட்டைப் புரட்டினால், 70 வயதில் அவர்களுடைய பிபி மற்றவர்களைவிட அதிகம். நோய் வெளியே தெரிவதற்கு முந்தைய வருஷங்களில் அது தானாக இறங்கிவிட்டது. அதாவது நாம் பார்க்கும்போது திருடன் வேலையை முடித்துவிட்டு வீட்டைவிட்டே போயிருந்தான்.

18/
உள்ளே என்னதான் நடக்குது? உடல் எடையில் மூளை வெறும் 2%. ஆனா இதயம் அனுப்பும் ரத்தத்தில் 15%க்கு மேல் அதற்குத்தான். பெரிய குழாயிலிருந்து முடி போன்ற நுண்குழாய்கள் நேராகக் கிளம்பி மூளையின் ஆழத்துக்குப் போகின்றன. பெரிய மெயின் பைப்பிலிருந்து நேரடியாக ஒரு மெல்லிய குழாயை இழுத்த மாதிரி. அழுத்தம் வருஷக்கணக்கில் கூடுதலாக இருந்தால் அந்த நுண்குழாய்ச் சுவர் தடித்து, வழி குறுகி, சில அடைத்துக்கொள்ளும். கை கால் இழுக்காது, வாய் கோணாது, வலி இருக்காது. எம்.ஆர்.ஐ எடுத்தால் மட்டும் புள்ளி புள்ளியாகத் தெரியும்.
அல்சைமர் நோய் வேறு, இது வேறுதான். ஆனா வயசானவர் மூளையில் பெரும்பாலும் இரண்டும் சேர்ந்தே இருக்கும். ஒன்றின் சுமையை இன்னொன்று கூட்டும்.

19/
அப்போ பிபியைக் குறைத்தால் மறதி குறையுமா? 1998ல் ஐரோப்பாவில் 60 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் நடந்த சிஸ்ட்-யூர் ஆய்வு, மாத்திரைக் குழுவில் மறதி நோய் பாதியாகக் குறைந்ததாகச் சொன்னது. ஆனா நோய் வந்தவர்களின் எண்ணிக்கை சிறியது. பிறகு 2019ல் அமெரிக்காவின் ஸ்பிரிண்ட் ஆய்வு, 9,361 பேர். மேல் எண்ணை 120க்குக் கீழே இறக்க முயன்றவர்களிடம், 140க்குக் கீழே வைத்தவர்களைவிட மறதியின் ஆரம்ப நிலை 19% குறைவு. முழு மறதி நோயும் குறைந்தது போல் தெரிந்தது. ஆனா புள்ளியியல்படி உறுதியாகச் சொல்லும் அளவுக்கு இல்லை. உள்ளதை உள்ளபடி சொல்லணும் இல்லையா.

20/
ஃப்ராமிங்காமுக்குத் திரும்புவோம். 2016ல் அந்த ஊர் இன்னொரு செய்தி சொன்னது. 1970களின் கடைசியோடு ஒப்பிட்டால், முப்பது வருஷத்தில் அங்கே வயதுக்கேற்ற மறதி நோய் விகிதம் 44% குறைந்திருந்தது. "வயசானா வந்துதான் தீரும்" என்ற விதி அசைந்தது!
ஆனா அதே கட்டுரையில் மனசை உறுத்தும் ஒரு வரி உண்டு. இந்தக் குறைவு பள்ளிப் படிப்பை முடித்தவர்களிடம் மட்டும்தான். முடிக்காதவர்களிடம் குறையவில்லை. ஆக, இந்த நல்ல காலம் எல்லார் வீட்டு வாசலுக்கும் வரவில்லை.

21/
இதற்கான பதில் சீன கிராமங்களிலிருந்து வந்தது. 326 கிராமங்கள், 40 வயதுக்கு மேற்பட்ட ஏறக்குறைய 34,000 பேர், எல்லாருக்கும் உயர் ரத்த அழுத்தம். பாதி கிராமங்களில், முழு மருத்துவப் படிப்பு படிக்காத, பயிற்சி பெற்ற கிராம வைத்தியர்களே மாத்திரை கொடுத்து, வீட்டிலேயே பிபி பார்க்கக் கற்றுக்கொடுத்து, 130/80க்குக் கீழே கொண்டுவரப் பாடுபட்டார்கள். நாலு வருஷத்தில் அந்தக் கிராமங்களில் மறதி நோய் 15% குறைவு. 2025ல் இந்த முடிவு வெளியானது. பெரிய ஆஸ்பத்திரி இல்லை, விலை உயர்ந்த ஸ்கேன் இல்லை. மலிவான மாத்திரையும், விடாமல் வந்து விசாரிக்க ஒரு ஆளும்.

22/
இதைப் படித்தபோது எனக்கு நம்ம "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டம்தான் ஞாபகம் வந்தது. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கி, வீட்டு வாசலுக்கே பிபி, சர்க்கரை மாத்திரை கொண்டுபோகும் திட்டம். அந்த அக்கா கதவைத் தட்டும்போது, "மாத்திரையை வச்சுட்டுப் போம்மா"ன்னு சொல்லி டப்பாவில் போட்டு மூடாதீங்க. அது இதயத்துக்கான மாத்திரை மட்டும் இல்லை. பேரன் பேரை மறக்காமல் இருப்பதற்கான மாத்திரையும் கூட.

23/
"ஆரம்பிச்சா வாழ்நாள் பூரா போடணுமே டாக்டர்" என்பதுதான் நான் அதிகம் கேட்கும் மறுப்பு. இன்னொன்று, "எனக்குத் தலைசுத்தல் ஒண்ணும் இல்லையே, அப்புறம் எதுக்கு?" 1931ல் உலகின் பெரிய டாக்டர்கள் செய்த அதே தப்புதான் இது. அவங்களுக்குத் தெரிந்திருக்க வழியில்லை. நமக்குத் தெரியும்.

24/
ஒரு விஷயம் தெளிவா சொல்லிடறேன். உங்க அப்பாவுக்கோ அம்மாவுக்கோ மறதி நோய் இருந்தா, அது அவங்க தப்பும் இல்லை, உங்க தப்பும் இல்லை. பிபி சரியா இருந்தவங்களுக்கும் வருது. 2024ல் லான்செட் குழு சொன்ன கணக்குப்படி, பிபி, காது கேளாமை, சர்க்கரை, புகை, தனிமை, கல்விக் குறைவு உட்பட 14 காரணங்களைச் சரி செய்தால், உலகில் மறதி நோய்களில் ஏறக்குறைய 45% வரை தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியலாம். மீதி நம்ம கையில் இல்லை. கையில் இருப்பதைக் கோட்டை விடக் கூடாது, அவ்வளவுதான்.

25/
சுடோகு போடாதீங்கன்னு சொல்லலை. தாராளமா போடுங்க. சுடோகு போட்டா சுடோகு நல்லா வரும். ஆனா அது உங்க பிபியை இறக்காது.

26/
இந்த வருஷத்துக்கு நாலே தீர்மானம்:
ஒண்ணு, 30 வயது தாண்டிய எல்லாரும் இந்த மாசமே பிபி பாருங்க. காபி, சிகரெட் குடிச்ச உடனே வேண்டாம். 5 நிமிஷம் சாய்ந்து உட்கார்ந்து, பேசாம, கையை இதய மட்டத்தில் வைத்து, இரண்டு முறை. எண்ணை எழுதி வையுங்க. 130/80க்கு மேலேயே நின்னா டாக்டரைப் பாருங்க.
இரண்டு, உப்பு ஒரு நாளைக்கு ஒரு டீஸ்பூனுக்குள். ஊறுகாய், அப்பளம், கருவாடு, வத்தல் எல்லாம் இந்தக் கணக்கில் சேரும்.
மூணு, வாரம் 150 நிமிஷம் வேக நடை. பேச்சுத் துணைக்கு ஒரு ஆளோட போனா இன்னும் நல்லது.
நாலு, மாத்திரை போடுறவங்க நீங்களா நிறுத்தாதீங்க. எழுந்திருக்கும்போது தலை சுத்தினா டாக்டர்கிட்ட சொல்லி அளவை மாத்திக்கலாம். வயசானவங்களுக்கு எவ்வளவு இறக்கணும்னு அவரே முடிவு செய்வார்.

27/
ரூஸ்வெல்ட்டைச் சுற்றி அந்த நாட்டின் பெரிய மருத்துவர்கள் எல்லாரும் இருந்தும், அவருக்குக் கொடுக்க ஒரு மாத்திரை இல்லை. இன்றைக்கு நம்ம ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அது இலவசமாகக் கிடைக்குது. அவருக்குக் கிடைக்காத வைத்தியம் நமக்குக் கிடைச்சிருக்கு.
உங்க வீட்டில் 40 தாண்டி, இதுவரை ஒருமுறைகூட பிபி பார்க்காத ஒருத்தர் கண்டிப்பா இருப்பார். அவரை இந்த வாரம் கூட்டிட்டுப் போங்க. எண் என்ன வந்ததுன்னு இந்த த்ரெட்டுக்குக் கீழே சொல்லுங்க.
எல்லாருக்கும் புத்தாண்டு வாழ்த்துகள்.